நூற்றுப் பதினேழாம் எண் டப்பா

நிறை என்பது ஓர் அறம். காக்க வேண்டியதைக் காத்து, வெளியே விடலாகாததை உள்ளே நிறுத்தி, அந்தப் பாரத்தை முகத்தில் காட்டாதிருத்தல் நிறை எனப்படும். கொடைக்கு வாங்கியவன் சாட்சி. வீரத்துக்குக் களம் சாட்சி. நிறைக்கோ அதை உடையவரன்றி வேறு சாட்சி இல்லை. ஆதலால் அதற்குப் புகழ் வருவது அரிது. சில வேளைகளில் பழியே கூலியாக வந்து சேரும்.

அவ்வாறு கூலி பெற்ற ஒருவர் பிஸ்கட் ஆலை ஒன்றில் சுவை பார்ப்பவராக இருந்தார். அவரை ஆலையில் ‘அளவுகோல் அக்கா’ என்பார்கள்.

ஆலையில் ஐந்து அடுப்புகள். ஒவ்வொன்றும் ஒரு தெருவின் நீளம். ஒரு முனையில் மாவாய் நுழைவது மறுமுனையில் பொன்னிறமாய் ஓடும் பட்டையின்மேல் வந்து விழும். அரைமணிக்கு ஒருமுறை ஒவ்வோர் அடுப்பின் வாயிலிலும் அக்கா நிற்பார். ஒரு பிஸ்கட்டை எடுத்துக் காதருகே வைத்து ஒடிப்பார். ஒடியும் ஓசையில் ஈரம் தெரிந்துவிடும். ஒரு பாதியை முகர்ந்து, மறுபாதியை மென்று நாவின் அடிவரை கொண்டுசெல்வார். பிறகு துண்டுச் சீட்டில் ஒன்றிரண்டு சொற்களில் தீர்ப்பு: ‘சரி’, அல்லது ‘இனிப்பு மிகை’, அல்லது ‘உப்புக் குறை’. சீட்டு மாவு பிசையும் கூடத்துக்குப் போனதும் அங்கே அளவு மாறும். ஆய்வறையில் கருவிகளும் இருந்தன. கருவி ஒன்று சொல்லி, அக்கா வேறு சொன்னால், பழுது பார்க்கக் கருவியைத்தான் அனுப்புவார்கள் என்று அடுப்புக்காரர் சொல்லிச் சிரிப்பார்.

பத்தொன்பது ஆண்டுகள் இப்படி. நாளொன்றுக்கு எண்பது பாதிகள். இடையிடையே வாய் கழுவத் தேநீர், அதில் இரண்டு கரண்டிச் சர்க்கரை. மாலையில் வீடு திரும்பினால் முன்னறையில் கணவர் தையல் இயந்திரங்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எண்ணெய்க் கையோடு அவர் குடிக்க ஒரு தேநீர், அவருக்குத் துணையாக அக்காவுக்கு இன்னொன்று. அவ்விருவருக்கும் பிள்ளை இல்லை. அக்காவின் பிள்ளைப் பாசமெல்லாம் பன்னிரண்டு வயது இளைய தம்பியிடமே போய்ச் சேர்ந்திருந்தது.

அந்தப் பாசத்துக்கு ஓர் ஒலி உண்டு. தகரம் குலுங்கும் ஒலி. ஆலையில் ஒரு வழக்கம் இருந்தது. வேலையில் சேரும் நாளில் ஒவ்வொருவருக்கும் இரண்டு தகர டப்பாக்கள் கொடுப்பார்கள். மூடியில் அவரவர் எண் பொறித்திருக்கும். மாதக் கடைசியில் வெறும் டப்பாவைக் கொண்டுபோய் நீட்டினால், ஓரம் உடைந்த உப்பு பிஸ்கட்டுகளால் அதை நிரப்பித் தருவார்கள். அக்காவின் எண் நூற்றுப் பதினேழு. அவர் சேர்ந்தபோது தம்பிக்குப் பத்து வயது. தெருமுனையில் டப்பா குலுங்கும்போதே வாசலுக்கு ஓடி வந்துவிடுவான். கடையில் வாங்கியது எதையும் அவன் மதித்ததில்லை. அவனுக்கு அது ‘அக்கா பிஸ்கட்’.

அந்தத் தம்பி வளர்ந்து, பள்ளி வண்டி ஓட்டுநரானான்; மணந்தான்; ஒரு பெண் குழந்தைக்குத் தந்தையானான். இருபத்தொன்பதாம் வயதில் அவன் கண்கள் மஞ்சளித்தன. குடியை நாவால் தொட்டறியாதவன். என்றோ வந்துபோன காமாலை போகும்போது எதையோ உள்ளே விட்டுப்போயிருந்தது. கல்லீரல் சுருங்கிவிட்டது என்றார்கள். ஒத்த இரத்தமுடைய உறவினர் ஒருவர் தம் ஈரலில் ஒரு பகுதியைத் தந்தால் பிழைப்பான். மூன்று மாதத்துக்கு மேல் தாமதிக்கலாகாது.

தம்பி மனைவியின் இரத்தம் ஒத்துவரவில்லை. ஒத்தது இருவருடையது: அக்காவினுடையதும் அண்ணனுடையதும்.

அண்ணன் நில அளவை அலுவலகத்தில் எழுத்தர். அக்காவுக்கு நான்கு வயது மூத்தவர். பிரம்பு போன்ற உடம்பு. நாள்தோறும் விடியலில் ஐந்து கிலோமீட்டர் நடப்பார். “எனக்கு இதுவரைக்கும் ஒரு தலைவலி மாத்திரை கூட வாங்கினதில்ல” என்பது அவர் எந்த விருந்திலும் சொல்லத் தவறாத வாக்கியம். மருத்துவமனைக்கு வரச் சொன்ன ஒரே வாரத்தில், நோயே அறியாத அந்த உடம்புக்குப் பதினொரு நோய்கள் வந்து சேர்ந்தன.

“முட்டி வலி உயிர் போகுது. ஊசின்னாலே எனக்குத் தலை சுத்தும், உனக்குத் தெரியாதா? நான் படுத்துட்டா என் குடும்பம் என்ன ஆகும்?” என்றார்.

“தம்பி படுத்தா அவன் குடும்பம் என்ன ஆகும்ணே?” என்றார் அக்கா.

அண்ணி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: “அதுக்குத்தான் நீ இருக்கியே. உன் வீட்ல அழுறதுக்குப் பிள்ளையா குட்டியா?”

அக்கா மறுநாளே பரிசோதனைக்குப் போய்ப் படுத்தார்.

படம் எடுத்துப் பார்த்த மருத்துவர் தலையை அசைத்தார். அக்காவின் ஈரலில் கொழுப்பு மண்டியிருந்தது. பத்தொன்பது ஆண்டுச் சர்க்கரையும் மாவும் நெய்யும் பாதிப் பாதியாய்ப் போய் அங்கே தங்கியிருந்தன. இந்த ஈரலை வெட்டினால் கொடுப்பவருக்கும் ஆபத்து, வாங்குபவருக்கும் பயனில்லை. எட்டு வாரம் தருகிறேன், கரைத்துக்கொண்டு வாருங்கள் என்றார். அன்று முதல் தம்பியின் உயிர், அக்காவின் வாய்க்குள் எது நுழையும் எது நுழையாது என்பதைப் பொறுத்ததாயிற்று.

மருத்துவமனையின் உணவு ஆலோசகர் தடித்த கண்ணாடி அணிந்த ஓர் அம்மாள். அக்கா அவரிடம், “நாளையிலேருந்து எல்லாத்தையும் நிறுத்திடுறேன்மா. தண்ணி மட்டும் குடிக்கச் சொன்னாலும் குடிக்கிறேன்” என்றார்.

“இப்படிச் சொன்னவங்க எல்லாரும் பத்தாம் நாள் பேக்கரி வாசல்ல நின்னாங்க” என்றார் அந்த அம்மாள். “உடம்பு வேலைக்காரன் இல்ல, விரட்டுனா ஓடுறதுக்கு. விருந்தாளி மாதிரி. முன்னாடியே சொல்லிவைக்கணும். முதல் ரெண்டு வாரம் தயார் பண்ணுங்க. அடுத்த ஆறு வாரம் கடுமையா இருங்க.”

தயார் செய்வது எவ்வாறென்றும் அவரே சொன்னார். தேநீரில் சர்க்கரையை நாளுக்கு அரைக் கரண்டி வீதம் குறைக்க வேண்டும். ஏழு கோப்பையை ஐந்தாக்கி, மூன்றாக்கி, காலையில் ஒன்றோடு நிறுத்த வேண்டும். இரவு உணவை ஒரே நாளில் முன்னே தள்ளாமல் கால்மணி கால்மணியாக நகர்த்தி ஏழுக்குக் கொண்டுவர வேண்டும். பொரித்ததற்கு முதல் வாரமே விடை கொடுக்க வேண்டும். வாய்க்குள் போகும் ஒவ்வொன்றையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும், பொய் எழுதலாகாது. பசிக்கும்போது பாதி நேரம் அது தாகமே. முதலில் ஒரு குவளை நீர் குடித்துவிட்டுப் பசியைக் கேட்க வேண்டும்.

“கடைசியா ஒண்ணு. வீட்டைச் சுத்தம் பண்ணுங்க. கை எது மேல போகுமோ அது வீட்லயே இருக்கக் கூடாது. மனசு பலமா இருக்குன்னு நம்பாதீங்க. அலமாரி காலியா இருக்கணும்.”

அக்கா அப்படியே செய்தார். மூன்றாம் நாள் தலைவலி வந்தது. நெற்றிக்குள் யாரோ ஆணி இறக்குவது போன்ற வலி. தேயிலை உடம்பை விட்டுப் போகும் வலி அது, நான்கு நாளில் தணியும் என்று ஆலோசகர் முன்பே சொல்லியிருந்ததால் பயம் இல்லை; வலி மட்டும் இருந்தது. ஐந்தாம் நாள் ஒன்றுமில்லாததற்கெல்லாம் கோபம் வந்தது. கணவர் தேநீரை உறிஞ்சும் ஓசை கேட்டு எழுந்து வெளியே போய் நின்றார்.

“உன் ஈரலுக்குத்தானே தண்டனை? என் நாக்கு என்ன பாவம் பண்ணுச்சு?” என்று உப்பும் எண்ணெயும் குறைந்த தட்டைப் பார்த்துக் கணவர் புலம்பினார். ஆனால் நான்காம் நாளிலிருந்து அவரும் அதே தட்டில்தான் சாப்பிட்டார். “ரெண்டு பேருக்கும் தனித்தனியா பொங்கினா உனக்கு இன்னொரு தடவ வாசனை வரும்ல” என்று திருகுளியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த அன்பு மொழி.

அலமாரியைக் காலி செய்யும் நாள் வந்தது. சர்க்கரைப் புட்டி, வெண்ணெய், பொரித்த தின்பண்டப் பொட்டலங்கள், வாய் வரை நிரம்பிய நூற்றுப் பதினேழாம் எண் டப்பா. குப்பையில் கொட்டிவிடலாம். ஆனால் உணவை எறியும் கை அக்காவுக்கு வாய்க்கவில்லை. உடைந்த பிஸ்கட்டையும் டப்பாவில் இட்டு மதிக்கும் ஆலையில் பழகிய கை அது. பண்டங்களைக் கூடையில் வைத்து, டப்பாவை மேலே வைத்து, இரண்டு தெரு தள்ளியிருந்த அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோனார். அங்கே வளரும் பிள்ளைகள் மூவர் இருந்தார்கள்.

“அட, இப்பத்தான் இந்த வீட்டு வழி தெரிஞ்சுதா?” என்று அண்ணி கூடையை வாங்கிக்கொண்டார்.

“பசங்க சாப்பிடட்டும் அண்ணி. டப்பாவ மட்டும் மாசக் கடைசிக்குள்ள குடுத்துடுங்க.”

மாதக் கடைசியில் அந்த டப்பா திரும்பவில்லை. இரண்டாவது டப்பாவை ஆலைக்குக் கொண்டுபோய் நிரப்பி, வீட்டுக்குள் நுழைக்காமலே, அதையும் அண்ணியிடம் சேர்த்தார். வாங்காமல் விட்டிருக்கலாம், பத்தொன்பது ஆண்டு வழக்கம், கால் தானாக வரிசையில் போய் நின்றுவிட்டது. பழைய டப்பா எங்கே என்று கேட்டார்.

“இருக்கும் எங்கயாவது. தகர டப்பா, றெக்க மொளச்சுப் பறந்தா போயிடும்?” என்றார் அண்ணி.

அதற்கு மேல் அக்கா அதை நினைக்கவில்லை. ஆலையில் அவருக்கு வேறு இடர் காத்திருந்தது.

சுவைப்பது தொழில், விழுங்காதிருப்பது நோன்பு. இரண்டையும் ஒருங்கே காக்க, மூடியிட்ட எவர்சில்வர் குவளை ஒன்றைக் கையிலேயே வைத்திருந்தார். மென்று, அறிந்து, துப்பி, வெந்நீரில் வாய் கொப்பளித்து, சீட்டு எழுதுவார்.

“அளவுகோல் அக்கா இப்ப கிளியாயிட்டாங்க. கொறிக்கிறாங்க, துப்புறாங்க” என்றார் அடுப்புக்காரர்.

“கிளியாவது பழத்தத் துப்பும். இவங்க நம்ம பொழப்பையே துப்புறாங்க” என்றாள் பட்டையருகே நின்ற ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். குவளையை மட்டும் மூடிக்கொண்டார்.

ஐந்தாம் வாரத்தில் அந்தத் தவறு நிகழ்ந்தது; சுவைப்பவர் ஒருவர் மட்டுமே செய்யக்கூடிய தவறு. இரண்டாம் அடுப்பின் இனிப்பு பிஸ்கட் அன்று காலை நாவில் பட்டதும் தேன்கூட்டைக் கடித்ததுபோல் இருந்தது. ‘இனிப்பு மிகை’ என்று எழுதினார். மாவுக்கூடம் ஓர் அளவைக் குறைத்தது. மறுநாளும் திகட்டியது, மறுபடி எழுதினார். மூன்றாம் நாளும். கருவி வேறு சொன்னது. வழக்கம்போல் கருவியைக் கழற்றி அனுப்பினார்கள். பத்து நாளில் கடைகளிலிருந்து பெட்டி பெட்டியாகச் சரக்குத் திரும்பியது. சப்பென்றிருக்கிறது, அட்டையைக் கடிப்பதுபோல் இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள்.

அக்காவுக்கு அப்போதுதான் விளங்கிற்று. பிஸ்கட் மாறவில்லை. நாற்பது நாள் சர்க்கரையைத் துப்பிக் கொப்பளித்த நாவு தன் பழைய அழுக்கைக் கழற்றிவிட்டது. ஒரு துளி இனிப்பும் அதற்கு இப்போது ஒரு கை இனிப்பு.

மேலாளர் கூப்பிட்டார். “பத்தொன்பது வருஷமா உங்க நாக்குதான்மா எங்களுக்குத் தராசு. தராசே சாஞ்சா நாங்க என்ன பண்றது?”

“சாயல சார். கழுவியிருக்கேன்.”

“கழுவின தராசு எங்களுக்கு வேணாம்மா. ஜனங்க நாக்கு கழுவாத நாக்கு. அதுக்குத்தான் நாம பிஸ்கட் போடுறோம்” என்றார் அவர். கெட்ட மனிதரல்லர், உண்மையைத்தான் சொன்னார். “ரெண்டு வாரம் பழையபடி சர்க்கரை போட்டு டீ குடிங்க. நாக்கு திரும்பிடும். உங்க இடம் உங்களுக்குத்தான்.”

“இன்னும் ரெண்டு வாரம்தான் சார் எனக்கு இருக்கு. அத தம்பிக்குக் குடுத்துட்டேன்.”

அன்று பிற்பகலே அவரைப் பொட்டலம் கட்டும் கூடத்துக்கு மாற்றினார்கள். நாவால் உழைத்தவர் அட்டைப் பெட்டிகளுக்குப் பசைநாடா ஒட்டினார். துண்டுச் சீட்டுகளை வேறொருவர் எழுதினார். அடுப்புக்காரர் மட்டும் அந்தப் பக்கம் வரும்போது தலையைக் குனிந்துகொண்டு போனார். கிளி என்ற சொல்லை அதற்குப் பிறகு அவர் சொல்லவில்லை.

எட்டாம் வாரம் படம் எடுத்தார்கள். மருத்துவர் பழைய படத்தையும் புதிய படத்தையும் விளக்கின்முன் அருகருகே பிடித்தார். கொழுப்பு போயிருந்தது. “இருபது வருஷமா இந்த வேலையில இருக்கேன். எட்டு வாரத்துல இப்படிக் கரைச்சவங்களப் பார்த்ததில்ல” என்றார். அடுத்த வியாழக்கிழமை அறுவை என்று நாள் குறித்தார்.

அக்கா மருத்துவமனைப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதார். பிறகு ஒரு குவளை நீர் குடித்தார். குறிப்பேட்டில் ‘நீர், ஒரு குவளை’ என்று எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை தம்பியை அவசரப் பிரிவில் சேர்த்தார்கள். வயிறு பறைபோல் உப்பியிருந்தது, உடம்பு கொதித்தது. வயிற்றில் நீர் ஏறி, நீரில் கிருமி ஏறிவிட்டது. இந்நிலையில் கத்தி வைக்க முடியாது, வியாழன் இல்லை என்றார்கள். இளம் மருத்துவர் ஒருவர் வெளியே வந்து கேட்டார்: “இவருக்கு உப்பே கூடாதுன்னு எழுதிக் குடுத்திருந்தோமே. யார் சமைக்கிறது?”

தம்பி மனைவி முன்னே வந்தாள். “நான்தான் சார். ஒரு கல் உப்புக் கூட...”

“போட்டிருப்பா” என்றார் அண்ணி, தாழ்வாரம் முழுதும் கேட்க. “புருஷன் வாய்க்கு ருசியா கேட்டிருப்பான், இவ மனசு எளகிப் போட்டிருப்பா. இப்ப முழிக்கிறா பாரு.”

“இல்லக்கா. என் பொண்ணு மேல சத்தியமா இல்ல.”

“சத்தியம் பண்ற வாய நான் நிறையப் பார்த்திருக்கேன்.”

அண்ணன் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை மிகக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

தம்பி மனைவியின் கையில் காலையில் கொண்டுவந்த சூப் அப்படியே இருந்தது. அக்கா அதை வாங்கி, ஒரு கரண்டி எடுத்து, நாவின் நுனியிலிருந்து அடிவரை மெல்லக் கொண்டுபோனார். கண்ணை மூடியிருந்தார். பத்தொன்பது ஆண்டு நின்றதுபோல் நின்றார்.

“இதுல உப்பு இல்ல” என்றார். “கேரட்டோட உப்பு இருக்கு, தண்ணியோட உப்பு இருக்கு. கை போட்ட உப்பு இல்ல. இவ ஒரு நாளும் போட்டதில்ல. போட்டுப் பழகின பாத்திரம் எனக்குத் தெரியும்.”

ஆலை வேண்டாமென்று தள்ளிய நாவு சொன்ன கடைசித் தீர்ப்பு அது. அதுவே அதன் மிகச் சரியான தீர்ப்பும் ஆகும். ஆனால் தீர்ப்பு இன்னொரு வினாவையும் திறந்துவிட்டது. அவள் போடவில்லை என்றால், உப்பு எங்கிருந்து வந்தது?

மாற்றுத்துணி எடுக்க அக்கா தம்பி வீட்டுக்குப் போனார். கட்டிலருகே அலமாரி, கீழ்த்தட்டில் மடித்த துண்டுகள். துண்டை இழுத்தபோது பின்னால் தகரம் குலுங்கிற்று. அந்த ஒலி அவருக்குத் தெரியும். கையை விட்டு வெளியே எடுத்தார். ஒன்றன்று, இரண்டு. ஒன்று வெறுமை. மற்றதில் அடியில் நாலைந்து உப்பு பிஸ்கட்டுகள். இரண்டு மூடியிலும் நூற்றுப் பதினேழு.

அவர் வீட்டைத் தூய்மை செய்ய வெளியே அனுப்பியது, சுற்றிக்கொண்டு வந்து தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தது.

மாலையில் தம்பிக்குச் சற்று நினைவு தெளிந்தது. அக்கா அருகே குனிந்து, மெல்லக் கேட்டார். “யாருடா குடுத்தா?”

“அண்ணி வந்தாங்கக்கா... ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை. சும்மா வர வேணாம்னு கொண்டுவந்தாங்க. இனிப்புதான் ஆகாது, உப்பு பிஸ்கட்டு வயித்துக்கு நல்லதுன்னாங்க. அவளுக்குத் தெரிஞ்சா திட்டுவா, ஒளிச்சு வெச்சுக்கன்னாங்க.”

“உப்பு ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா?”

அவன் உலர்ந்த உதட்டால் சிரித்தான். “அது அக்கா பிஸ்கட்டு. எனக்கு என்ன பண்ணிடும்?”

இளம் மருத்துவரிடம் அக்கா கேட்டார். அவர் தயங்கிச் சொன்னார்: “அதனாலதான்னு நான் சொல்ல மாட்டேன்மா. இந்த நோய்ல இது எப்படியும் வரலாம். ஆனா அந்த உப்பு உதவி பண்ணல.” இரக்கத்தால் சொன்ன பாதி விடை அது. அக்காவின் எஞ்சிய வாழ்நாளுக்கு அந்தப் பாதி போதும்.

மருத்துவமனையில் சேர்த்த பத்தொன்பதாம் நாள் தம்பி இறந்தான். ஒரு மாசும் இல்லாத ஈரலோடு அக்கா வெளியே பலகையில் உட்கார்ந்திருந்தார்.

இறுதிக்கடன் முடித்து உறவினர் தம்பி வீட்டுக் கூடத்தில் கூடியிருந்தார்கள். தேநீர் வந்தது. அண்ணன் தம் கோப்பையில் மூன்றாவது கரண்டிச் சர்க்கரை போட்டுக் கலக்கியபடி, எல்லாம் மேலே இருப்பவன் கணக்கு என்றார். அண்ணி பெருமூச்சு விட்டார்.

“மேல இருக்கிறவன் என்ன பண்ணுவான்? எட்டு வாரம் வாயக் கட்டுனா ஒருத்தி. அத ஒரு கை உப்புல கெடுத்துட்டா இன்னொருத்தி. நாக்குச் சொல்லுச்சாம், உப்பில்லன்னு! வேலையே போன நாக்கு!”

தம்பி மனைவி குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டாள். உறவினர் கண்கள் அவள்மேல் ஒவ்வொன்றாக வந்து தங்கின. அந்தக் கண்களோடுதான் அவள் இனி வாழ வேண்டும்.

அக்கா எழுந்தார். உள்ளறைக்குப் போய் இரண்டு டப்பாக்களையும் கொண்டுவந்து கூடத்தின் நடுவே வைத்தார்.

“உப்பு இதுலேருந்து வந்துச்சு. இது என் டப்பா. மூடியில என் நம்பர் இருக்கு, படிச்சுப் பாருங்க. என் வீட்ல இருக்கக் கூடாதுன்னு நான்தான் வெளிய அனுப்பினேன். அவன் சாப்பிட்டான். இந்தப் பொண்ணுக்கு இது தெரியாது. அவ சமையல்ல உப்பில்ல. இனிமே யாரும் அவளச் சொல்லாதீங்க.”

யாரிடம் அனுப்பினேன் என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல் அவர் பல்லின் பின்னால் வந்து நின்றதை இருவர் கண்டார்கள். அண்ணி, காலிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு சமையலறைக்குள் போனார். அண்ணன், தேநீரை உற்றுப் பார்த்தார். அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, வாயைத் திறக்க அவருக்குப் போதிய நேரம் கொடுத்தார். அவர் திறக்கவில்லை.

சொல்லியிருந்தால் என்னவென்று கணவர் வழியில் கேட்டார். “சொன்னா அண்ணன் பசங்க மூணு பேரும் அம்மாவப் பார்க்கிற கண்ணு மாறிடும். அந்த டப்பாலேருந்து அதுங்களும் தின்னுதுங்க. போதும்” என்றார் அக்கா. 

அந்த வாரமே ஊர் வாயில் செய்தி உருமாறிற்று. அக்காவே பிஸ்கட் கொடுத்துத் தம்பியைக் கொன்றுவிட்டாள் என்றார்கள். “அவளே ஒத்துக்கிட்டாளே” என்று அண்ணன் தம் அலுவலகத்தில் சொன்னதாகவும் கேள்வி. விடியலில் அவர் இன்றும் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறார். முட்டி முற்றும் குணமாகிவிட்டது.

அக்கா இப்போதும் பொட்டலக் கூடத்தில் நிற்கிறார். மேலாளர் இருமுறை அழைத்துப் பார்த்தார். அக்கா முயன்றும் பார்த்தார். தேநீரில் ஒரு கரண்டி சர்க்கரை இட்டுக் குடித்தார். குமட்டிக்கொண்டு வந்தது. டப்பாக்களை ஆலைக் கிடங்கில் திருப்பிக் கொடுத்துவிட்டார். மாதக் கடைசி வரிசையில் அவர் நிற்பதில்லை. குறிப்பேடு மட்டும் நிற்கவில்லை. ஏழு மணிக்கு இரவு உணவு, அளவான எண்ணெய், பசிக்கு முன் ஒரு குவளை நீர். எதற்கு இன்னும் என்று ஆலோசகர் ஒருநாள் வழியில் கண்டு கேட்டபோது, “உடம்புகிட்ட ஒரு தடவ சொல்லிட்டேன்மா. இல்லன்னு திருப்பிச் சொல்ல எனக்குத் தெரியல” என்றார்.

ஞாயிறுதோறும் தம்பி மனைவி குழந்தையோடு வருகிறாள். தையல் இயந்திரங்களை ஓரம் தள்ளி, முன்னறையிலேயே நால்வரும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். குழந்தைக்கு மட்டும் தனிக் கிண்ணத்தில் உப்பிட்ட சோறு இருக்கும். அதை அக்கா வாயில் வைத்துப் பார்த்துத்தான் கொடுப்பார். “சரி” என்பார். இப்போது அவர் தரும் ஒரே சீட்டு அது.

எல்லா நாவையும் அறிந்தவனும், நாவால் சொல்லாததையும் கேட்பவனுமாகிய இறைவன் அந்த வீட்டைக் காப்பானாக. அங்கே எண்ணெய்க் கையோடு உட்கார்ந்திருப்பவருக்கு நெடிய ஆயுள் உண்டாகுக. வெள்ளைச் சேலையும் வெறும் கழுத்துமாய் வந்து போகிறவளை எந்தக் கண்ணும் சுடாதிருக்கட்டும். அந்தக் குழந்தை நோயறியாத ஈரலோடு வளர்ந்து, தன் தாய்க்காகச் சொல்லப்பட்ட சொல்லின் நிழலில் நெடுங்காலம் வாழ்க. அவ்வீட்டு அடுப்பு அணையாதிருக்க, அளவு பிசகாதிருக்க. என்றேனும் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அக்காவின் நாவில் இனிப்பு இனிப்பதாகுக.